கொல்லைத் தொட்டி

மேட்டூரில் ஜூன் 12 அன்று மதகு தூக்கினால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணையைத் தொட்டுவிடும். அங்கே காவிரியும் வெண்ணாறும் புது ஆறும் தனித்தனியே பிரியும். காவிரியிலிருந்து குடமுருட்டி, குடமுருட்டியிலிருந்து எங்கள் ஊர் வாய்க்கால். நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஏறும் முன்பே எங்கள் கொல்லைக்கு மீன் வந்துவிடும். பள்ளிக்கூடம் திறப்பதும் ஆறு திறப்பதும் ஒரே மாதம். பிள்ளைகள் நாங்கள் காத்துக் கிடந்தது ஆற்றுக்கு.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிறவர்கள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஐந்து பாலம். அவற்றுக்கு நடுவே எத்தனை வாய்க்கால், எத்தனை மடை, எத்தனை குட்டை என்ற கணக்கு எங்களுக்குத் தெரியாது. எந்த மடையில் எந்த மீன் நிற்கும் என்பது தெரியும். நான் ஊரை விட்டு வந்தபோது வீட்டையும் நிலத்தையும் மனிதர்களையும் விட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் இத்தனை வருஷம் கழித்துச் சென்னையில் படுத்துக் கண்ணை மூடினால் முன்னே வந்து நிற்பது கிணற்றடியை ஒட்டி இருந்த சிமெண்ட் தொட்டியும், அதில் நாங்கள் ஆளாக்கிய மீன்குஞ்சுகளும்தான்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கட்டிய தொட்டி அது. தொழுவத்தில் மாடு குறைந்த பிறகு பிள்ளைகள் கைக்கு வந்தது. பாதித் தொட்டி கொய்யா மர நிழலில், பாதி வெயிலில். காலை வெயில் ஒரு பக்கம் விழும், சாயங்கால வெயில் மறுபக்கம். அந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது போல அமைந்துவிட்டது. முழு நிழலில் பாசி பிடிக்காது, முழு வெயிலில் தண்ணீர் கொதித்துக் குஞ்சு செத்துவிடும் என்பதெல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம், வெயில் ஏறினால் குஞ்செல்லாம் நிழல் பக்கம் போகும், வெயில் இறங்கினால் திரும்பி வரும் என்பது மட்டும்.

மீன் வளர்ப்புப் புத்தகங்கள் மீனிலிருந்து தொடங்குகின்றன. என் அப்பாயி தண்ணீரிலிருந்து தொடங்குவார். ஆறு வரப்போகிறது என்று மதகு பார்க்கும் லஸ்கர் சொல்லிவிட்டுப் போன அன்றைக்கே தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, கிணற்றுத் தண்ணீரைப் பாதி நிரப்பச் சொல்வார். சாக்குத் துண்டில் காய்ந்த சாணியை முடிந்து ஓரமாகத் தொங்கவிடுவார். வாய்க்காலில் தண்ணீர் வந்து, முதலில் தள்ளிவரும் நுரையும் சருகும் போன பிறகு, ஒரு குடம் வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவார். அப்புறம் யாரும் தொடக்கூடாது. நாலைந்து நாளில் தண்ணீர் இளம்பச்சை ஆகும். இன்னும் சில நாளில் அந்தப் பச்சைக்குள்ளே பொடிப்பொடியாக, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற பூச்சிகள் துள்ளும். வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு வெளிச்சத்துக்குக் காட்டினால் செம்மஞ்சளாக அசையும். "பூச்சி வந்துடுச்சு, இனிமே குஞ்சு விடலாம்" என்பார். இன்றைக்கு வண்ணமீன் வளர்ப்பவர்கள் மொய்னா என்று சொல்லிப் புட்டியில் விற்கிற நீர்ப்பூச்சி அதுதான்.

அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அவர் செய்ததற்கும் அரசு மீன்பண்ணையின் நாற்றங்கால் குளத்தில் செய்வதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. அங்கேயும் முதலில் சாணமும் கடலைப் பிண்ணாக்கும் இட்டுத் தண்ணீரைப் பழுக்க வைத்து, நுண்ணுயிர் பெருகியதைச் சோதித்த பிறகே நுண்மீன் குஞ்சை விடுவார்கள். காரணம் எளிது. முட்டையை விட்டு வெளிவந்த குஞ்சு முதல் இரண்டு மூன்று நாள் தன் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பையிலிருந்தே சாப்பிடும். அது தீர்ந்த நிமிஷத்திலிருந்து அதற்கு இரை வேண்டும். அந்த இரை அதன் வாயைவிடச் சிறியதாகவும், உயிரோடு அசைவதாகவும் இருக்க வேண்டும். அசையாததைப் பெரும்பாலான குஞ்சுகள் இரை என்றே கண்டுகொள்வதில்லை. வீட்டில் மீன்முட்டையைப் பொரிக்கவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நூறு நூறாய்க் குஞ்சு மடிவது அந்த நாட்களில்தான். நோயால் அல்ல, பசியால். அப்பாயியின் தொட்டியில் அந்தச் சாவு மிகக் குறைவு. குஞ்சு வரும் முன்பே சோறு தயாராக இருந்தது.

முதல் தண்ணீரில் வருவது பொடிக் கெண்டைகள். பழைய வேட்டித் துணியை இரண்டு பேர் இரு முனையில் பிடித்து, மடை வாயில் தாழ்த்தித் தூக்கினால் கெண்டை, அயிரை, சில சமயம் ஊசி போல ஆரல் குட்டி வரும். தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன, தண்ணீரின் மேல் தளத்திலேயே நிற்கும் சிறுமீன் ஒன்று உண்டு. அதை எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் தொட்டிக்குக் கேட்பார்கள். கொசுப்புழுவை அது தின்னும் வேகம் அப்படி.

ஆனால் தொட்டியின் சொந்தக்காரன் விரால்தான்.

ஆடியிலிருந்து ஐப்பசி மழை வரைக்கும் எங்காவது ஒரு குட்டையில் விரால் குஞ்சு பொரித்திருக்கும். ஆணும் பெண்ணுமாகக் கோரையும் பாசியும் அடர்ந்த ஓரத்துக்குப் போய், செடியை விலக்கி வட்டமாக ஓர் இடத்தைத் துப்புரவு செய்யும். தேன் நிறத்தில் முட்டை அங்கே மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். வெளிவரும் குஞ்சு பெரிய விராலைப் போலக் கறுப்பாக இருக்காது, நல்ல செந்நிறம். நூற்றுக்கணக்கில் நெருங்கித் திரள்கிறபோது யாரோ குட்டையில் குங்குமத்தைக் கொட்டிக் கலக்கிவிட்டது போல இருக்கும். அந்தச் செம்மை நகரும். இடது பக்கம் திரும்பும், தாழும், மேலே வரும், பிரிந்து மறுபடி சேரும். கீழே இருட்டில் தாயும் தகப்பனும் காவல். ஒரு தவளை கிட்டே வந்தால் தண்ணீர் வெடித்ததுபோல் ஒரு பாய்ச்சல். அவ்வளவுதான், தவளை ஓடிவிடும். வரப்பில் குந்தி மணிக்கணக்காக இதைப் பார்த்திருக்கிறேன். காலைப் பாடம் போனதுகூட உண்டு.

அந்தக் காவல்தான் விராலுக்கு எமனும். குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அடியில் தாய் இருப்பது உறுதி. ஊத்தாக் கூடையால் குத்தினாலும் சரி, தவளை கோத்த தூண்டிலைப் போட்டு இழுத்தாலும் சரி, பசி இல்லாவிட்டாலும் கோபத்தில் வந்து கவ்வும். ஊரில் அப்படிப் பிடிக்கிறவர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் அது நடக்காது. "குஞ்சோட இருக்கிறத எடுத்துட்டு வந்தா என் அடுப்புல ஏத்த மாட்டேன்" என்று அப்பாயி என் சித்தப்பாவிடம் ஒரே தடவைதான் சொன்னார். சித்தப்பா அதற்குப் பிறகு ஊத்தாவைக் குஞ்சுக் குட்டைப் பக்கம் எடுத்துப் போகவில்லை.

தாயை யாராவது கொண்டுபோய்விட்டால் குஞ்சுகள் சில மணி நேரம் அதே இடத்தில் சுற்றும். பிறகு கலையும். தவளை, குறவை, கெளுத்தி, தண்ணீர்ப் பாம்பு, கொக்கு எல்லாவற்றுக்கும் அன்றைக்கு விருந்து. அந்த அநாதைக் குஞ்சுகளைத்தான் நாங்கள் வேட்டித் துணியில் அள்ளி, குடத்தில் போட்டு, குடத்துத் தண்ணீர் சூடாகும் முன்பு ஓட்டமாக வீட்டுக்குக் கொண்டுவருவோம். குடத்தைத் தொட்டித் தண்ணீரில் சற்று நேரம் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரின் குளிர்ச்சியும் ஒன்றான பிறகே குஞ்சை இறக்க வேண்டும். இதையும் அப்பாயிதான் சொல்லிக்கொடுத்தார்.

விரால் குஞ்சை வளர்ப்பது மற்ற மீன் மாதிரி அல்ல. அது முதலில் பூச்சி தின்னும், பிறகு கொசுப்புழு, பிறகு நறுக்கிய மண்புழு. இரை ஒரு நாள் தவறினால் பெரியது சின்னதை விழுங்கத் தொடங்கிவிடும். ஒரே முட்டைக் கூட்டத்தில் பிறந்ததாக இருந்தாலும் ஒன்று வேகமாக வளரும், ஒன்று பின்தங்கும். பின்தங்கியது போயிற்று. ஆகவே நாலைந்து நாளுக்கு ஒரு தடவை பெரியவற்றைச் சலித்து அண்டாவுக்கு மாற்ற வேண்டும். அண்டா அம்மாவுடையது. அதற்காக வீட்டில் நடந்த சண்டைகளைத் தனியாக எழுதலாம். வளர வளரச் செந்நிறம் மங்கி உடம்பில் கோடு விழும். மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போகக் கற்றுக்கொள்ளும். ராத்திரி கிணற்றடிப் பக்கம் போனால் தொட்டியிலிருந்து அந்தச் சின்னச் சின்ன "ப்ளப்" சத்தம் கேட்கும். ஒவ்வொரு சத்தமும் ஒரு குஞ்சு பிழைத்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. அதைக் கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போவேன்.

விரல் நீளம் ஆனதும் கோயில் குளத்தில் விட்டுவிடுவோம். ஜனவரி 28 அன்று மேட்டூரை அடைத்துவிடுவார்கள் என்பது கணக்கு; அதற்கு முன்பு, குளம் நிறைந்திருக்கும்போதே விட்டால்தான் கோடையைத் தாண்டும்.

கடை மீன் எங்கள் வீட்டுக்கு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். சென்னையில் வேலையில் இருந்த பெரியப்பா மூர் மார்க்கெட்டில் வாங்கி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி, சோழன் எக்ஸ்பிரஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தார். 1985 மே மாதம் அந்த மார்க்கெட் எரிந்தபோது செய்தித்தாளைப் பார்த்து நான் அழுதது கட்டடத்துக்காக அல்ல. பாட்டிலில் வந்தவை கப்பியும் ஒரு ஜோடி ஃபைட்டரும். கப்பி எங்கோ டிரினிடாட் பக்கத்து மீன். அங்கே இருந்த கப்பி என்ற ஆளின் பெயரையே தாங்கி உலகம் சுற்றுகிறது. கொசுவை ஒழிக்க என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1928-இல் அதே காரணத்துக்காக இத்தாலியிலிருந்து காம்பூசியாவும் வந்தது.

கப்பி முட்டையிடாது, குட்டி போடும். ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தடவை. ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் போதும், அடுத்தடுத்துப் பல ஈற்றுக்கு ஆணின் விந்தணுவை உடம்பில் சேமித்து வைத்துக்கொள்ளும். குட்டி பிறந்த உடனேயே நீந்தும், உடனேயே இரை தேடும். ஆனால் தாயே தின்றுவிடும். வாய்க்காலிலிருந்து வேலம்பாசியை அள்ளிவந்து தொட்டியில் ஒரு மூலையை அடைத்தோம். குட்டிகள் பாசிக்குள் புகுந்து தப்பின. விரால் குட்டையில் பார்த்த தாய்க்கும் இந்தத் தாய்க்கும் இருந்த வேறுபாடு எனக்கு அந்த வயதில் பெரிய அதிர்ச்சி. அதே போல எதிர்ப்பக்க வியப்பு ஜிலேபிக் கெண்டை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. எங்கள் குளத்துக்கு எப்போது வந்ததோ, நான் பிறக்கும்போதே நிறைந்திருந்தது. தாய் முட்டையை வாயில் வைத்துப் பொரித்து, குஞ்சு வெளியே மேயும்போது ஆபத்து வந்தால் மறுபடி வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். அந்த நாட்களில் அது சரியாக இரைகூட எடுப்பதில்லை. அதன் தாய்மையை நான் ரசித்தவன்தான். ஆனாலும் எங்கள் குளங்களில் கெண்டையும் குறவையும் இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டதை மறைக்க முடியாது.

ஃபைட்டர்தான் என்னை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டது. சயாம் நாட்டு மீன். 2019-இல் தாய்லாந்து அரசு அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. ஆண் மீன் தண்ணீரின் மேல் எச்சில் குமிழிகளை ஒட்டி ஒட்டிக் கூடு கட்டும். கொல்லையில் நாட்டு வாதாம் மரம் இருந்தது. அதன் காய்ந்த இலை ஒன்றை மிதக்கவிட்டால் இலையின் அடியிலேயே கட்டும். பெண் முட்டையிட இட, கீழே விழுவதை ஆண் வாயில் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண் கடித்தே கொன்றுவிடும். அடுத்த இரண்டு நாள் தகப்பன் தூங்குவதே இல்லை என்று தோன்றும். பொரிந்த குஞ்சு வால் கீழாகத் தொங்கும். தவறி விழுவதை ஒவ்வொன்றாக வாயில் பிடித்து வந்து மறுபடி கூட்டில் வைக்கும். குஞ்சு நேராக நீந்தத் தொடங்கிய அன்று தகப்பனையும் எடுத்துவிட வேண்டும்.

அந்தக் குஞ்சு கண்ணிமை மயிர் அளவுகூட இராது. மொய்னாவே அதற்குப் பெரிய இரை. இங்கேயும் வயல் கைகொடுத்தது. ஒரு பிடி வைக்கோலைப் பானைத் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் முதலில் கலங்கும், நாறும். சில நாளில் நாற்றம் போய்த் தண்ணீர் தெளியும்போது அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் மண்டியிருக்கும். அதை எடுத்து, வீட்டில் நாங்கள் எல்லோரும் குழந்தையில் பால் குடித்த பாலாடையாலேயே, காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவோம். வேகவைத்த மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிவதும் உண்டு. அது மிஞ்சினால் தண்ணீர் கெட்டுவிடும் என்பதால் எனக்கு வைக்கோல் தண்ணீரில்தான் நம்பிக்கை. தொட்டியைக் கண்ணாடித் துண்டால் மூடி வைப்போம். காற்றுக் குடிக்கும் உறுப்பு உருவாகும் வாரங்களில் மேலே உள்ள காற்று ஈரமாக, வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

பிறகு ஒருநாள் சம்பா வயலின் ஓரத்தில், இலைக்கு அடியில் அதே குமிழிக் கூட்டைப் பார்த்தேன். கீழே விரல் நீளம்கூட இல்லாத, செம்பழுப்பு நிறத்தில், வால் நடுவே முள் போல் நீண்ட ஒரு மீன் காவல் நின்றது. சயாமிலிருந்து வந்ததன் உறவுக்காரன் எங்கள் வயலிலேயே இருந்திருக்கிறான்! பிரெஞ்சு அறிஞர் குவியே 1831-இல் புதுச்சேரிக்குப் பக்கத்து அரியாங்குப்பம் ஆற்று மீனைக் கொண்டு உலகத்துக்கு விவரித்தது இதைத்தான். மூர் மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்கிய அதிசயத்தை எங்கள் மண் எப்போதும் இலவசமாக வைத்திருந்தது.

அந்தக் குடும்பத்துக்கு உறவான பனையேறிக் கெண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1791 நவம்பரில் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளக்கரைப் பனையில் பட்டை இடுக்கில் ஏறிக்கொண்டிருந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது வெளியானது. மீன் மரம் ஏறுமா என்று அறிஞர்கள் அதற்குப் பிறகு நெடுங்காலம் வாதாடினார்கள். மழை நாளில் அது செவுளை ஊன்றி வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்கு நடந்து போவதைப் பார்த்தவர்கள் டெல்டாவில் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அதே தரங்கம்பாடியிலிருந்து ஜான் என்ற பாதிரியார் பெர்லினில் இருந்த பிளாக் என்ற மீனியல் அறிஞருக்கு மீன்களை அனுப்பிக்கொண்டிருந்தார். உலகத்தின் மீன் அறிவுக்குக் காவிரிக் கழிமுகம் கொடுத்தது கொஞ்சம் அல்ல.

பின்னாளில் எங்கள் வாய்க்கால் மீனெல்லாம் வரிசையாகப் போயிற்று. எதனால் என்று கேட்டால் ஒரு காரணம் சொல்ல முடியாது. 1960-இல் தீவிர வேளாண் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. விளைச்சல் கூடியது, பசி குறைந்தது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உரத்தோடு மருந்தும் வந்தது. எண்டோசல்ஃபான் மீனுக்குக் கொடிய நஞ்சு. மருந்தடித்த வயலின் வடிகாலில் மறுநாள் காலை கெண்டையும் குறவையும் வயிறு வெளுத்து மிதப்பதை நானே பார்த்திருக்கிறேன். 2011-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்யும்வரை அது அடிக்கப்பட்டது. எந்த வயல் வைக்கோல் என்று கேட்டுக்கொண்டே ஊறவைக்க வேண்டிய காலம் வந்தபோது அப்பாயி, "இது இனிமே குஞ்சுக்கு ஆவாது" என்று பானையைக் கவிழ்த்துவிட்டார்.

ஆறும் கைவிட்டது. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷமும் ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை. 2020-இல்தான் மறுபடி அந்தத் தேதிக்குத் திறந்தார்கள். தண்ணீர் வராத வருஷங்களில் போர் போட்டு நட்டார்கள். போர்த் தண்ணீர் பயிரைக் காப்பாற்றியது. பூமிக்கு அடியிலிருந்து வரும் அதில் மீனும் இல்லை, பூச்சியும் இல்லை, பாசி விதையும் இல்லை. எங்கள் வீடு பாகம் பிரிந்தது, கொல்லையில் கார் நிறுத்த இடம் தேவைப்பட்டது, தொட்டியை உடைத்தார்கள். அப்பாயி அதைப் பார்க்க இல்லை.

சென்னையில் இப்போதும் வளர்க்கிறேன். என் வீட்டிலிருந்து கொளத்தூர் பக்கம். அந்தப் பகுதியில் எத்தனையோ குடும்பங்களுக்கு வண்ணமீன்தான் சோறு. மாடியில், சந்தில், வாசல் படி ஓரத்தில் சிமெண்ட் தொட்டியும் தார்ப்பாய்த் தொட்டியும் கட்டி, கப்பி, மாலி, கோல்டு ஃபிஷ், ஏஞ்சல் என்று இனம் பெருக்கி நாடு முழுக்க அனுப்புகிறார்கள். வீட்டுப் பெண்கள் இரை போடும் நேரத்தில் போனால் பார்க்கலாம், எந்தத் தொட்டியில் எத்தனையாம் நாள் குஞ்சு என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். நெரிசலான நகரத்தில், உப்பும் இரும்பும் கலந்த தண்ணீரில் அதைச் சாதிக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு. அங்கேதான் நான் ஆர்டீமியா டப்பா வாங்குகிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து உப்பு ஏரியில் அள்ளிய முட்டைகள். உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்றுக் குழாய் விட்டால் ஒரு நாளில் பொரிந்து ஆரஞ்சு நிறத்தில் துடிக்கும்; குஞ்சுக்கு அதைவிடச் சிறந்த இரை கிடையாது. ஸ்பாஞ்சு ஃபில்டர் இருக்கிறது, குளோரினை முறிக்கும் மருந்து இருக்கிறது, தண்ணீரைச் சோதிக்கும் காகிதம் இருக்கிறது. குஞ்சுகள் பிழைக்கின்றன, வளர்கின்றன, நிறம் பிடிக்கின்றன.

எனக்குக் கிடைக்காதது அந்தப் பச்சை. எங்கள் வாய்க்கால் ஒரு குடத்தில் கொடுத்ததை நான் யூட்டாவின் உப்பு ஏரியிலிருந்து காசு கொடுத்து வரவழைக்கிறேன். குழாய்த் தண்ணீரை எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் நானாக விட்டால் ஒழிய அதில் அந்தப் பூச்சிகள் பிறப்பதில்லை. ஊரில் ஆற்றுத் தண்ணீர் வந்தபோது மீன், பூச்சி, பாசி, நத்தை, தும்பிப் புழு எல்லாம் சேர்ந்தே வந்தன. நாங்கள் செய்ததெல்லாம் அதை ஒரு தொட்டியில் கொஞ்ச நாள் தங்கவைத்தது மட்டும். மீன்குஞ்சு வளர்ப்பில் நான் கெட்டிக்காரன் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். என்னைவிட அந்த ஆறு கெட்டிக்காரத்தனமாக வளர்த்தது.

ஊரின் மீன் வளம் முழுக்கப் போய்விடவும் இல்லை. 2012-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகம் இன்று டெல்டாவிலேயே இருக்கிறது. விரால் வளர்க்க விரும்பும் விவசாயிக்குப் பயிற்சி கிடைக்கிறது, பண்ணைக் குஞ்சு கிடைக்கிறது. மருந்தில்லாமல் சம்பா போடுகிறவர்களின் வயலில் கெண்டையும் குறவையும் திரும்பி வந்ததாக ஊரில் சொல்கிறார்கள். போன ஐப்பசியில் போனபோது ஒரு வடிகாலில் அந்தக் குமிழிக் கூட்டை நானும் தேடிக் கண்டேன்.

டெல்டாவில் கொல்லை வைத்திருக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். பாதி நிழல் விழும் இடத்தில் ஒரு சிமெண்ட் தொட்டியோ உடைந்த அண்டாவோ வையுங்கள். ஆறு வந்ததும் மருந்தடிக்காத பக்கத்து வாய்க்காலிலிருந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, பத்து நாள் தொடாமல் விட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஊர் மீனை வளர்த்தால் ஊர்க் குளத்திலேயே விடலாம். கடையில் வாங்கிய கப்பி, காம்பூசியா, தொட்டி சுத்தம் செய்ய என்று விற்கிற சக்கர் மீன் ஆகியவற்றை வளர்த்து அலுத்துவிட்டால் வேண்டியவர்களுக்குக் கொடுங்கள். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். ஆற்றிலோ குளத்திலோ கோயில் தெப்பக்குளத்திலோ விட்டுவிடாதீர்கள், அவை நம் மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்று இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குட்டையில் செங்குஞ்சுக் கூட்டம் கண்டால் அந்த விராலைப் பிடிக்காதீர்கள், குஞ்சு விரல் நீளம் ஆகும்வரை விட்டுவிடுங்கள்.